கழுகுமலையில் நடந்து போகிறவர்கள்

ஒரு குடியிருப்பில் வாழ்பவருக்குப் பள்ளி, ரேஷன் கடை, மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம், குடிநீர்க் குழாய், வங்கி ஆகியவை நடக்கும் தூரத்தில் இருக்கின்றனவா, அங்கே போகும் வழி நடக்கிற மாதிரி இருக்கிறதா என்ற இரண்டும் சேர்ந்ததே நடைவசதி. நகரியல் ஆய்வாளர்கள் கொஞ்ச காலமாக இதை எண்ணால் அளந்துவருகிறார்கள். அமெரிக்காவில் 2007இல் வந்த ‘வாக் ஸ்கோர்’ என்ற கணிப்புமுறை, ஒரு முகவரியிலிருந்து கடை, பள்ளி, பூங்கா முதலியவை எவ்வளவு பக்கம் என்று பார்த்து, அந்த முகவரிக்குப் பூஜ்யம் முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறது. ஜோ கோர்ட்ரைட் என்ற பொருளியலாளர் 2009இல் அந்நாட்டின் 15 வீட்டுச் சந்தைகளை இந்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 13 இடங்களில் மதிப்பெண் ஏற ஏற வீட்டு விலையும் ஏறியிருந்தது. ஒரு மதிப்பெண் கூடினால் வீட்டின் மதிப்பு 700 முதல் 3,000 டாலர் வரை கூடுதலாக இருந்தது. அங்கே பெரும்பாலோர் காரில் போய்வருகிறார்கள். கார் இல்லாமல் காலம் தள்ளக்கூடிய தெருவில் வீடு கிடைப்பது, வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து வாங்கும் சௌகரியமாகிவிட்டது.

கரிசல் காட்டு ஊர்களில் இதே அளவுகோலை வைத்தால் கணக்கு உதைக்கும். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற சாலையில், சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை இருக்கிறது. மலைமேல் எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கத் தொடங்கி முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயிலும், வரிசை வரிசையாகச் சமணத் திருவுருவங்களும் உள்ளன. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில், அதையொட்டித் தேரோடும் வீதிகள், பிறகு கடைத்தெரு, பேருந்துகள் வந்துபோகும் சாலை. கழுகுமலை சின்னப் பேரூராட்சிதான். நிதானமாக நடந்தாலும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக அதிக நேரம் பிடிக்காது. பாரிஸின் அப்போதைய மேயர் ஆன் இதால்கோ 2020 தேர்தலில் வாக்குறுதியாகவே முன்வைத்த ‘15 நிமிட நகரம்’ தூரக் கணக்கில் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

அந்தத் தூரத்தை நடக்கிறவர்கள் யார் என்று பார்த்தால் வேறு கணக்கு கிடைக்கும். வண்டி வாங்க வழியில்லாதவர்கள், வீட்டில் வண்டி இருந்தும் அது தன் கைக்கு வராத பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வயசாளிகள். ஒரு வீட்டில் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் முதலில் வாங்குவது டிவிஎஸ் 50 அல்லது பைக். அன்றோடு அந்த வீட்டு ஆண்பிள்ளை நடப்பது நின்றுபோகும். ஆகவே வருமானத்துக்கும் நடைவசதிக்கும் உள்ள உறவைக் கிலோமீட்டரில் தேடிப் பயனில்லை. வழி எப்படி இருக்கிறது, எந்த வசதி யார் வீட்டுப் பக்கம் வந்து அமர்ந்தது, ஒரே வீட்டுக்குள் யார் நடக்கிறார் என்ற மூன்றிலும்தான் அது தெரியும்.

வீதியில் யார் நடக்கலாம் என்பதற்கே ரத்தம் சிந்திய ஊர் கழுகுமலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கோயில் எட்டயபுரம் ஜமீன் நிர்வாகத்தில் இருந்தது. வாணிபத்தில் மேலேறி வந்த நாடார்கள், தங்கள் ஊர்வலங்களைத் தேர் வீதிகளில் கொண்டுபோகும் உரிமையைக் கேட்டார்கள். அந்த வீதிகள் கோயிலுக்குச் சொந்தம், எல்லாருக்கும் பொதுவான பாதை ஆகா என்று ஜமீன் தரப்பு மறுத்தது. நீதிமன்றம் போயும் நாடார்களுக்கு வழி திறக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்க சமயத்துக்கு மாறினார்கள். 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத் தேரோட்டத்தின்போது கலவரம் மூண்டு இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1899இல், சிவகாசி சூறையாடப்பட்டது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளரான பூமணி இந்த நிகழ்வுகளை ‘அஞ்ஞாடி’ நாவலில் விரிவாக எழுதினார். 2014இல் அது சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

வருமானமும் நடைவசதியும் பற்றிப் பேசுகிற எந்தக் கட்டுரைக்கும் இந்த வழக்கு முக்கியமானது. உரிமை கேட்டவர்கள் ஏழைகள் அல்லர். கடை இருந்தது, சரக்கு இருந்தது, வழக்கு நடத்தக் காசும் இருந்தது. இவ்வளவு இருந்தும் தெருவில் ஊர்வலமாக நடக்க முடியவில்லை. வசதியை வருமானம் கொண்டுவந்துவிடும் என்ற பொதுவான நம்பிக்கைக்கு, தமிழ்நாட்டின் தெற்கில் பிறப்பு என்ற இன்னொரு தாழ்ப்பாள் குறுக்கே இருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 1924இல், வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்ததும் இதே கேள்விக்குத்தான். அங்கே கோயிலுக்குள் போவது முதல் கோரிக்கை ஆகவில்லை. கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடப்பதே கோரிக்கை. பெரியார் அங்கே சிறை சென்றதும் அந்தச் சாலைகளுக்காகவே.

இன்று எந்தத் தெருவிலும் யாரும் நடக்கச் சட்டத் தடை இல்லை. ஆனால் ஊரின் அமைப்பு அந்தக் காலத்தில் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. கரிசல் வட்டார ஊர்களில் பழைய குடியிருப்பு கோயிலையும் ஊருணியையும் ஒட்டி இருக்கும். பட்டியலினத்தவர் வாழும் பகுதி அதிலிருந்து தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கமோ தாழ்வான இடத்திலோ ‘காலனி’ என்ற பெயரில் இருக்கும். அஞ்சலகம், கூட்டுறவுச் சங்கம், வங்கிக் கிளை, பேருந்து நிறுத்தம் எல்லாம் முதலில் வந்தது ஊருக்குள். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களும் ஊருக்குள்தான் இருந்தார்கள். அரை கிலோமீட்டர் தள்ளியிருப்பதைத் தூரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த அரை கிலோமீட்டரை நாளொன்றுக்கு எத்தனை தடவை, எந்த நேரத்தில், எந்தத் தெரு வழியாக நடக்க வேண்டியிருக்கிறது என்பதை வரைபடம் காட்டாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவர் பட்டியலினத்தவர் பொதுச்சாலைக்கு வரும் வழியை அடைத்து நின்றது. 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை விட்டது. பாதை கிடைக்க அந்த மக்கள் காத்திருந்த காலம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

நிறுத்தம் எங்கே என்பதும் இதில் சேர்ந்ததுதான். தென் மாவட்டங்களில் பேருந்து ஓடும் சாலையை ஒட்டியே இருந்தும் நிறுத்தம் இல்லாததால் அடுத்த ஊர்வரை நடந்துபோய் ஏற வேண்டிய குடியிருப்புகள் இருந்திருக்கின்றன. 2021இல் வந்த ‘கர்ணன்’ படத்தில், அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் பேருந்து நிற்காததே கதையின் முடிச்சு. திரையில் அதைப் பார்த்த நகரத்துக்காரர்களில் பலர், நிறுத்தம் என்ற சாதாரண வசதிக்கு இவ்வளவு போராட்டமா என்று வியந்தார்கள். கரிசல் பக்கத்துக்காரர்களுக்கு அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

தூரம் ஒன்றேயானாலும் வழி ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு இந்த மண்ணே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு உழவு மழை பெய்த பிறகு கரிசல் பாதையில் நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். முதல் பத்தடியில் செருப்பின் அடியில் மண் அப்பும். அடுத்த பத்தடியில் செருப்பைவிட அகலமாக ஓரத்திலும் ஒட்டும். பிறகு ஒவ்வொரு காலும் கல்லைக் கட்டித் தூக்குகிற மாதிரி கனக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் உடைமுள் குத்தும். பள்ளிக்கூடத்து வாசலில் குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே போக முடியும். சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு சுற்றாது, அதையும் தோளில் தூக்க வேண்டியதுதான். கோடையில் அதே மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். இருட்டில் வெடிப்புக்குள் கால் மாட்டினால் கணுக்கால் பிசகும். செம்மண் பூமியிலும் மணல் பூமியிலும் ஒரு மண் பாதை ஏறக்குறைய வருஷம் முழுக்க நடக்க உதவும். கரிசலில் மண் பாதை என்பது மழைக்காலத்தில் பாதையே ஆகாது. ஆகவே இங்கே சிமெண்டுத் தளமோ பேவர் பிளாக்கோ எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பது அழகு பற்றிய விஷயம் ஆகாது. ஒரு தெருவுக்குத் தளம் போட்டு, அடுத்த தெருவைப் பத்தாண்டு தாமதமாகப் போட்டால், அந்தப் பத்து மழைக்காலமும் அங்குள்ள கர்ப்பிணிகளும் கிழவிகளும் வீட்டோடு கிடப்பார்கள்.

தளம் போட்ட பிறகும் ஒரு கோளாறு உண்டு. பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தளம் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீட்டு வாசல் பள்ளமாகிவிடுகிறது. 2021இல் அப்போதைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வசதியுள்ளவர்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொள்கிறார்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள் வாசலில் இரண்டு கல்லைப் போட்டு ஏறி இறங்குகிறார்கள். முட்டிவலி உள்ள ஒரு மூதாட்டிக்கு, ரேஷன் கடை இருநூறு அடியில் இருந்தாலும், அந்த இரண்டு கல்தான் தடை.

அடுத்தது, யார் நடக்கிறார் என்பது. இந்தியாவில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். சுமார் 20 கோடிப் பேரைப் பற்றிய அந்தப் புள்ளிவிவரத்தில், வேலைக்கு வெளியே போகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நடந்தே போனார். ஆனால் இந்தக் கேள்வி விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத்தொழில் செய்கிறவர்களையும் விட்டுவிட்டு மற்றவர்களிடம்தான் கேட்கப்பட்டது. கரிசல் காட்டில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் அந்த மூன்று வகையில்தான் அடங்குவார்கள். உளுந்து, பாசிப்பயறு பறிக்கவும், பருத்தி எடுக்கவும், மக்காச்சோளத்துக்குக் களை வெட்டவும் விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு காட்டுக்கு நடக்கும் பெண்ணும், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டும் பெண்ணும் நாட்டின் பயணக் கணக்கில் இல்லவே இல்லை. நடப்பவர்களைப் பற்றிய திட்டங்கள் பலவீனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மிக அதிகமாக நடக்கிறவர்கள் எண்ணப்படவே இல்லை.

தீப்பெட்டித் தொழில் இந்த வட்டாரத்தில் நடையையும் பயணத்தையும் மாற்றிய விதம் தனியாகப் பார்க்க வேண்டியது. மழை பொய்க்கும் மானாவாரி பூமி. கோவில்பட்டி, எட்டயபுரம், கழுகுமலை, கடம்பூர் என்று ‘தீப்பெட்டி ஆபீஸ்’கள் பரவியதே அதனால்தான். 1970, 80களில் கம்பெனி பஸ்கள் இருட்டோடு இருட்டாகக் கிராமங்களுக்கு வந்து சிறுமிகளை ஏற்றிக்கொண்டு போயின. அரசுப் பேருந்து வராத ஊருக்கும் கம்பெனி பஸ் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போக ஒரு வண்டியும் வரவில்லை. எந்த வசதி தேடி வருகிறது, எதை நாமே தேடிப் போக வேண்டியிருக்கிறது என்பதை அந்த ஊர்களின் வறுமைதான் தீர்மானித்தது. சிறுவர் உழைப்பு ஒழிந்துவருவது பெரிய மாற்றம். பெரிய பெண்களுக்கு இன்னும் வேன் வருகிறது, ஒரு வேனுக்குள் எத்தனை பேரை அடைக்கலாம் என்ற கணக்கோடு.

வருமானம் என்பதை ஆய்வுகள் வீட்டுக்கு ஒன்றாகக் கணக்கிடுகின்றன. நடை ஆளுக்கு ஆள் வேறு. நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கார் வைத்திருக்கும் வீடுகள் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. இரு சக்கர வண்டி ஏறத்தாழ பாதி வீடுகளில் உண்டு. அந்த வண்டி காலையில் ஆண்பிள்ளையோடு வெளியே போனால் இரவில்தான் திரும்பும். ரேஷன் அரிசி தூக்குவது, பிள்ளையை அங்கன்வாடியில் விடுவது, மாமியாரை ஊசிக்குக் கூட்டிப்போவது, ஒட்டிய பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் பெண்ணின் நடையில்தான் முடியும். காகிதத்தில் ‘இரு சக்கர வாகனம் உள்ள குடும்பம்’. தண்ணீரிலும் இந்தப் பிளவு தெரியும். தாமிரபரணி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டங்கள் வருமுன் குடத்தோடு கிணறு தேடி நடந்த வட்டாரம் இது. இப்போது காசுள்ள வீட்டுக்குக் குடிநீர் கேன் வாசலுக்கே வந்து இறங்குகிறது. இல்லாத வீட்டுப் பெண், குழாயில் தண்ணீர் விடும் நாளையும் நேரத்தையும் பார்த்துத் தன் வேலையை வைத்துக்கொள்கிறாள்.

பெண்களின் நடைக்கு மதிப்பு உண்டென்று அரசு ஒப்புக்கொண்ட தருணங்கள் சில உண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடம் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கூலியில் பத்து சதவீதம் கூட்டித்தர வேண்டும் என்று வகுத்தது. நடையை இவ்வளவு வெளிப்படையாகக் கூலிக் கணக்கில் சேர்த்த சட்டம் அரிது. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கானது. கழுகுமலை பேரூராட்சி என்பதால் கணக்கில் அது நகர்ப்புறம். பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரப் பெண்ணுக்கும் இங்குள்ளவருக்கும் வேலையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் இவருக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணம் (இப்போது ‘விடியல் பயணம்’) இதைவிட அகலமாகப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் இதனால் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிப்பதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. பூ விற்கிறவரும் கூலிக்குப் போகிறவரும் டிக்கெட் காசை நினைத்து நடந்த தூரத்தை இப்போது பேருந்தில் போகிறார்கள். ஆனாலும் இந்தச் சலுகை சாதாரணக் கட்டணப் பேருந்துக்குத்தான். அந்தப் பேருந்து எத்தனை மணிக்கு ஒன்று வருகிறது, எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு பெண்ணுக்கு அது பயன்படும்.

வசதியை நடக்கும் தூரத்தால் அளந்து வைக்கும் யோசனை தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954–63 காலத்தில், ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பதே கல்வித் துறையின் இலக்கு. பிள்ளையின் காலை அளவாக வைத்து மாநிலம் முழுக்கப் பள்ளிக்கு இடம் பார்த்தார்கள். இதே வட்டாரத்து எட்டயபுரத்தில் 1956இல் மதிய உணவும் தொடங்கிற்று. பள்ளி பக்கத்தில் இருந்தாலும் வயிறு காய்ந்தால் பிள்ளை நடந்து வராது என்று கண்டுகொண்ட நிர்வாகம் அது. பின்னாளில் கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டர் என்று தூரத்தை இன்னும் குறுக்கின. உலகம் இன்று நடைவசதி என்று எழுதும் நூல்கள் பலவற்றைவிட அந்த மைல் கணக்கு நேர்மையானது என்றே சொல்ல வேண்டும். அது சந்தை விலையைப் பார்க்கவில்லை, கடைசி வீட்டுப் பிள்ளையைப் பார்த்தது.

மேல்நிலைப் பள்ளிக்கு அந்தக் கணக்கு எட்டாதபோது மிதிவண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2001–02இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டி, சில ஆண்டுகளில் மற்றவர்களுக்கும் விரிந்தது. பீகார் 2006இல் இதே வழியில் போனது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அங்கே ஆராய்ந்தபோது, மிதிவண்டியால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். கழுகுமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்ணுக்குத் தூரமே பெரிய பரீட்சை. மார்க் குறைந்து நின்றவர்களைவிட, தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் துணியாததால் நின்றவர்களே ஒரு தலைமுறையில் அதிகம் என்பது இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

வயது வேறொரு பிரச்சினையைக் கொண்டுவருகிறது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம். திருப்பூர், கோவை, சென்னை என்று இளவட்டங்கள் பிழைக்கப் போய்விட்ட கரிசல் ஊர்களில் தெருவில் தென்படும் முகங்களில் நரை அதிகம். மகன் பணம் அனுப்புகிறான். அதை எடுக்க வங்கிவரை போகக் கால் ஒத்துழைப்பதில்லை. இந்த வயதில் வருமானம் இருந்தும் எட்டாத வசதிகள் உண்டு. பாதி வழியில் உட்கார ஒரு திண்ணை, ஒதுங்க ஒரு சுத்தமான கழிப்பறை, பங்குனி வெயிலுக்கு ஒரு மர நிழல். பழைய வீடுகளின் தெருத் திண்ணைகள் கார் நிறுத்தத்துக்கும் கடைக்கும் இடம் விட்டு மறைந்துவருகின்றன. நிழலும் அப்படியே. ராணி மங்கம்மாள் பெயரைச் சாலைகளில் நட்ட மரங்களோடு சேர்த்து நினைக்கும் நாடு இது. சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துப் புளியும் வேம்பும் விழுகின்றன. நட்ட கன்று நிழல் தர ஒரு தலைமுறை ஆகும். காரில் போகிறவருக்குப் பத்து நிமிடம் மிச்சம். நடக்கிறவர் அந்தப் பத்து நிமிடத்தை வெயிலில் கொடுக்கிறார்.

வசதி கூடினவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊருக்குள் நெருக்கம், கார் திரும்ப இடமில்லை என்று சொல்லி, சாலையோரம் கொடிநட்டு விற்கும் மனைகளில் வீடு கட்டுகிறார்கள். அங்கே காற்றும் உண்டு, இடமும் உண்டு. மளிகைக் கடை, பள்ளி, மருத்துவர் எதுவும் நடக்கும் தூரத்தில் கிடையாது. வாக் ஸ்கோர் போட்டால் ஊரிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் அந்தப் புது மனைகளுக்குத்தான் கிடைக்கும். காசுள்ளவர்கள் தேடிப் போவதும் அவற்றைத்தான். அமெரிக்க முடிவுக்கு நேர் எதிரான போக்கு இது. இதனால் வரும் நட்டம் இன்னும் ஆழமானது. தெருவில் நடக்க வேண்டிய தேவை இல்லாதவர்கள்தான் பேரூராட்சியில் குரல் உள்ளவர்கள். அவர்கள் கேட்பது வண்டி போகும் சாலை, கிடைப்பதும் அதுவே. சாக்கடை மூடி, தெருவிளக்கு, நடக்க ஓரம் ஆகியவற்றைக் கேட்கிறவர்கள் மனுவோடு காத்திருக்கிறார்கள்.

மாநகரத்திலும் இதே ஒழுங்குதான். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. நாட்டிலேயே முன்னோடி முயற்சிகளில் ஒன்று அது. அதன் கண்ணுக்குத் தெரிந்த பெரிய பலன், 2019 நவம்பரில் திறந்த தியாகராய நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை. உண்மையிலேயே நன்றாக அமைந்த இடம். ஆனால் பணத்தோடு கடைக்கு வருகிறவர்கள் நடக்கும் தெருவுக்கு அது முதலில் வந்தது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நடக்கும் புறநகர்ச் சாலைகளுக்கு இன்னும் வரவில்லை.

நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வரையறுத்திருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்றது. 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். கழுகுமலை மாதிரிச் சிற்றூர்களின் சாலையோரத்தில் அந்த 1.8 மீட்டர் எங்கும் தொடர்ந்து கிடைப்பதில்லை. விரிந்த கடைத் தட்டியும், நிறுத்திய பைக்கும், திறந்த சாக்கடையும் அந்த இடத்தைப் பிடித்திருக்க, நடக்கிறவர் கரையிலிருந்து தாருக்கு இறங்கித்தான் போகிறார்.

நடப்பவர்களுக்கு இடம் விடத் தெரியாத ஊர் இல்லை இது. காவடி தூக்கி ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்கு நடந்த ஜமீன்தாரின் பயணத்துக்காகத்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார்; தமிழில் ஒரு பாட்டு வடிவமே இந்த ஊருக்கு வந்த நடையால் செழித்தது. பங்குனி உத்திரத்துக்குப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள், தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். ஆண்டில் சில நாட்கள் பக்தர்களுக்குச் செய்வதை, அன்றாடம் பிழைப்புக்கு நடக்கிறவர்களுக்குச் செய்ய நிர்வாகத்துக்குத் திறமை குறைவில்லை.

செய்வதென்றால் தொடங்க வேண்டிய இடம் அரசு நிலம். சிறு பேரூராட்சிகளில் புதிய அங்கன்வாடி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம் எங்கே வரும் என்பதைத் தேவை முடிவு செய்வது குறைவு. புறம்போக்கு எங்கே கிடக்கிறதோ, யார் இடம் தானமாகக் கொடுக்கிறாரோ அங்கே கட்டடம் எழும். புறம்போக்கு பெரும்பாலும் ஊர்க்கோடியில், ஓடைக்கரையில் இருக்கும். தானம் கொடுப்பவர் தன் தெருப் பக்கம் கொடுப்பார். இரண்டிலும் காலனியின் கடைசி வீட்டிலிருந்து அங்கே நடக்க எவ்வளவு நேரமாகும் என்று பார்ப்பதற்கான கட்டம் எதுவுமே இல்லை. இடத்தேர்வுக் கோப்பில் நில அளவை எண்ணும் பரப்பும் எழுதும் பத்திக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வார்டின் கடைசி வீட்டிலிருந்து நடந்து அளந்த நிமிடங்களையும் எழுதச் சொல்லிப் பேரூராட்சிகள் இயக்ககம் ஒரு ஆணை போட்டால் போதும். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை அளக்க வேண்டும். கையில் பிள்ளையோடு ஒரு பெண்ணும், தடி ஊன்றிய ஒரு பெரியவரும் நடந்த நேரமாக அது இருக்க வேண்டும். அந்த நிமிடக் கணக்கை மன்றக் கூட்டத்தில் தெரு வாரியாகப் படித்த பிறகே தளம் போடும் வரிசையையும் கட்டடத்துக்கு இடத்தையும் தீர்மானிக்க வேண்டும்.